1:72 வெசெக்ஸ் 'ஹம்ஃப்ரி': பெட்டியைப் பிரிக்கலாமா, அப்படியே வைக்கலாமா?

சிறகுப்பெட்டி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நாலு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த மாடல் போன வாரம் வீடு வந்து சேர்ந்தது. வெஸ்ட்லேண்ட் வெசெக்ஸ் எச்.ஏ.எஸ்.3, எண் எக்ஸ்.பி.142. பிரிட்டிஷ் கடற்படைக்காரர்கள் 'ஹம்ஃப்ரி' என்று பெயர் வைத்துக் கூப்பிட்ட அதே ஹெலிகாப்டர். 1:72 அளவு, டைகாஸ்ட் (உலோக வார்ப்பு). நீலம் கலந்த சாம்பல் நிறம், முதுகில் ரேடார் திமில், நான்கு இறக்கை சுழலி.

முந்தைய உரிமையாளர் பெட்டியைத் திறந்ததே இல்லையாம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டை ஒட்டிய டேப்கூட அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். பெட்டியின் முன்பக்க ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது வால் சக்கரம் தனியாகக் கழன்று தட்டின் மூலையில் கிடப்பது தெரிந்தது. பயணத்தில் உடைந்திருக்க வேண்டும். ஒட்ட வேண்டுமென்றால் டேப்பைப் பிரிக்கணும். பிரித்தால் 'திறக்காத பெட்டி' என்ற மதிப்பு போய்விடும். மூன்று நாளாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன செய்யலாம்?

கண்ணாடி_அலமாரி எழுதியது:

வாழ்த்துகள் தம்பி, நல்ல வேட்டை.

நான் சொல்வேன், பிரிக்காதீர்கள். சக்கரம் உள்ளேதானே கிடக்கிறது, எங்கேயும் போகவில்லை. நாளைக்கு விற்க நேர்ந்தால் 'திறக்கவில்லை, ஆனால் சக்கரம் கழன்றிருக்கிறது' என்று சொல்லி விற்கலாம். 'திறந்து ஒட்டியது' என்றால் வாங்குபவர் எதைக்கொண்டு ஒட்டினீர்கள், பெயின்ட் தொட்டீர்களா என்று ஆயிரம் கேள்வி கேட்பார். சேகரிப்பு என்றால் பெட்டியும் சேர்த்துத்தான். பெட்டி கசங்கிய மாடலுக்குப் பாதி விலைகூடக் கிடைக்காமல் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

நித்யா_மாடல்ஸ் எழுதியது:

நான் நேர் எதிர்க் கட்சி. பிரியுங்கள், ஒட்டுங்கள், அலமாரியில் வையுங்கள். இறக்கையை மாட்டாமல் ஒரு ஹெலிகாப்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெசெக்ஸின் சுழலி விட்டம் 17.07 மீட்டர். 72-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 23.7 சென்டிமீட்டர். உடல் அதைவிடச் சிறியது, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான். இறக்கையை மாட்டி வைத்தால்தான் அந்த உருவமே வரும். பெட்டிக்குள் அது வெறும் வால் முளைத்த மீன்.

திறந்தபின் கொஞ்சம் வேலை செய்யலாம் என்றால் சொல்லுங்கள். மூக்கின் பக்கவாட்டில் புகை வெளியேறும் குழாய்க்குப் பின்னால் கரி படிந்த மாதிரி லேசாக உலர்ந்த பெயின்ட் தேய்க்கலாம். அப்புறம் ஹம்ஃப்ரி போரில் குண்டுத் துண்டுகள் பட்டு ஓட்டையானது, ஒட்டுப்போட்டார்கள். அந்த ஒட்டுகளை நான்கைந்து இடத்தில் வெள்ளிப் பட்டையாகக் காட்டினால் அருமையாக இருக்கும். என்னிடம் அலுமினியத் தாள் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.

சிறகுப்பெட்டி எழுதியது:

நித்யா அக்கா, கரி சரி. ஒட்டுகள் போடுவதற்கு மனசு கொஞ்சம் தயங்குகிறது. காரணம் சொல்லத் தெரியவில்லை.

பழைய_மாலுமி எழுதியது:

காரணம் நான் சொல்கிறேன் தம்பி. உங்கள் தயக்கம் சரியானதுதான்.

கொச்சியில் நம் கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். கருடாவில் சீ கிங் ஹெலிகாப்டர்களோடு வேலை பார்த்தவன் நான். வெசெக்ஸுக்குப் பிறகு அதே வெஸ்ட்லேண்ட் நிறுவனம் கட்டியது சீ கிங். வேலையும் ஒன்றுதான்: கடல்மேல் அசையாமல் நின்று, கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி சோனாரைக் கயிற்றில் இறக்கி, அடியில் நீர்மூழ்கிக் கப்பல் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பது. அதனால் ஹம்ஃப்ரியின் கதை எங்களுக்கெல்லாம் சொந்தக்காரர் வீட்டுக் கதை மாதிரி.

வெசெக்ஸ் அமெரிக்க சிகோர்ஸ்கி எஸ்-58 ஹெலிகாப்டரை எடுத்து, அதன் பிஸ்டன் என்ஜினுக்குப் பதில் டர்பைன் வைத்துச் செய்தது. 1961-இல் கடற்படைப் பணிக்கு வந்தது. எச்.ஏ.எஸ்.3 வகையில் நேப்பியர் கெஸல் டர்பைன், ஒன்றே ஒன்று. முதுகில் ரேடார் கூண்டு. அதனால்தான் அந்த வகைக்கே 'ஒட்டகம்' என்று பட்டப்பெயர். ஹம்ஃப்ரி என்ற பெயரிலும் அந்தத் திமிலின் ஆங்கிலச் சொல்லான 'ஹம்ப்' ஒலிக்கிறது பாருங்கள். இருட்டிலும் மேகத்திலும் தானாகவே இறங்கி கடல்மேல் நிற்கவைக்கும் கட்டுப்பாட்டு அமைப்பும் அதில் இருந்தது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு முக்கியம்.

1982 ஏப்ரல். ஃபாக்லாந்து போர் தொடங்கிவிட்டது. தெற்கு ஜார்ஜியா தீவை அர்ஜென்டினாவிடமிருந்து மீட்க ஒரு சிறு படை போகிறது. அதில் எச்.எம்.எஸ். ஆன்ட்ரிம் என்ற போர்க்கப்பல். அதன் ஹெலிகாப்டர்தான் ஹம்ஃப்ரி. விமானி லெப்டினன்ட் கமாண்டர் இயன் ஸ்டான்லி. கூட ஸ்டூவர்ட் கூப்பர், கிறிஸ் பாரி, டேவிட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என மொத்தம் நாலு பேர்.

ஏப்ரல் 21 அன்று பிரிட்டிஷ் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். வீரர்களை ஃபோர்ச்சூனா பனியாற்றின் மேல் இறக்க வேண்டும். ஹம்ஃப்ரியோடு, டைட்ஸ்ப்ரிங் என்ற துணைக் கப்பலிலிருந்து இரண்டு வெசெக்ஸ் எச்.யு.5 ஹெலிகாப்டர்கள். அவற்றுக்கு இரட்டை என்ஜின், ஆனால் ரேடார் கிடையாது. ஹம்ஃப்ரி ரேடாரில் மலையைப் பார்த்து வழி சொல்ல, மற்ற இரண்டும் தாய்க்கோழிக்குப் பின்னால் குஞ்சுகள் மாதிரி பின்தொடர்ந்தன. எப்படியோ இறக்கிவிட்டார்கள். ராத்திரி பனிப்புயல். கூடாரம் பிய்ந்து போனது. அங்கேயே இருந்தால் உறைந்து சாவோம் என்று மறுநாள் காலை செய்தி வந்தது.

22-ஆம் தேதி மூன்றும் திரும்பப் போயின. ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது எங்கே வானம், எங்கே தரை என்று தெரியாத வெள்ளைப் பனிமூட்டம். முதல் எச்.யு.5 பனியில் விழுந்து பக்கவாட்டில் புரண்டது. அதில் இருந்தவர்களை மற்ற இரண்டும் பிரித்து ஏற்றிக்கொண்டன. ஹம்ஃப்ரி முன்னால், இரண்டாவது எச்.யு.5 பின்னால். ஒரு முகட்டைத் தாண்டும்போது பின்னால் வந்தது வழி தவறி அங்கேயே மோதியது.

இப்போது ஸ்டான்லியின் நிலையை யோசித்துப் பாருங்கள். கூட வந்த இரண்டும் இல்லை. கையில் இருப்பது ஒரே என்ஜின் உள்ள ஒரே ஹெலிகாப்டர். ஏற்றியவர்களைக் கப்பலில் இறக்கிவிட்டு, எரிபொருள் நிரப்பிக்கொண்டு, கம்பளி, மருந்தோடு மறுபடி மலைக்கு வந்தார். மேகம் விடவில்லை, இறங்க முடியவில்லை. கீழே இருந்தவர்களோடு ரேடியோவில் பேச முடிந்தது, பெரிய காயம் யாருக்கும் இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் போனார். சாயங்காலம் மறுபடி வந்தார். மேகத்தில் ஒரு இடைவெளி கிடைத்தது, இறங்கினார். மிச்சம் இருந்த அத்தனை பேரையும் ஒரே நடையில் ஏற்றினார். இன்னொரு நடை போகப் பொழுதும் இல்லை, வானமும் விடாது என்று தெரிந்தே அளவுக்கு மீறிய சுமையோடு கிளம்பினார். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

சரி, ஒட்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் துண்டுகள் பட்டது மே 21 அன்று, சான் கார்லோஸ் கடற்பகுதியில் ஆன்ட்ரிம் மீது விமானத் தாக்குதல் நடந்தபோது. அன்று கப்பலுக்குள் பாய்ந்த குண்டு வெடிக்காமல் உள்ளேயே தங்கிவிட்டது. அதாவது ஏப்ரல் 22-இல் பனிமலைக்குப் போன ஹம்ஃப்ரியின் உடம்பில் ஒட்டு கிடையாது. உங்கள் மாடல் எந்த நாளின் ஹம்ஃப்ரி என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஏப்ரல் என்றால் ஒட்டு வேண்டாம்.

நித்யா_மாடல்ஸ் எழுதியது:

ஐயா, இதை நான் யோசிக்கவே இல்லை. இத்தனை வருடமாக வண்டிக்கு வயசு காட்டுவதைத்தான் பார்த்தேன், தேதி காட்டுவதைப் பார்க்கவில்லை. ஒட்டுகளைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். கரி மட்டும் போதும், அதுவும் லேசாக.

புதுவை_ரவி எழுதியது:

எல்லாரும் ஆர்வமாகப் பேசுவதைத் தடுப்பதாக நினைக்க வேண்டாம். ஆனால் எனக்கு ஒரு நெருடல் உண்டு. இது போர்க்கருவி. பனிமலையில் ஆட்களைக் காப்பாற்றிய இதே ஹெலிகாப்டர்தான் சில நாள் கழித்து அர்ஜென்டினாவின் நீர்மூழ்கி மேல் குண்டு போட்டது. அந்தக் கப்பலிலும் மனிதர்கள்தானே இருந்தார்கள்? அலமாரியில் வைக்கும்போது பாதிக் கதையை மட்டும் சொல்லி வைக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

பழைய_மாலுமி எழுதியது:

ரவி, சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 25 காலை. சான்டா ஃபே என்ற நீர்மூழ்கி, தெற்கு ஜார்ஜியாவின் கிரிட்விக்கனில் ஆட்களையும் பொருள்களையும் இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் 'கேட்ஃபிஷ்' என்ற பெயரில் கட்டிய பழைய கப்பல் அது, 1971-இல் அர்ஜென்டினாவுக்கு வந்தது. அப்போது நீரின் மேற்பரப்பில்தான் போய்க்கொண்டிருந்தது. ஹம்ஃப்ரியின் ரேடாரில் சிக்கியது. ஆழ்கடல் குண்டு இரண்டு போட்டார்கள். சேதமாகி, முங்க முடியாமல் கிரிட்விக்கனுக்கே திரும்பியது. வழியில் வேறு கப்பல்களின் லிங்ஸ், வாஸ்ப் ஹெலிகாப்டர்களும் தாக்கின. ஒரு மாலுமிக்குக் கால் போனது. அன்றே தீவு பிரிட்டிஷ் கைக்கு வந்தது.

மறுநாள் அந்த நீர்மூழ்கியை இடம் மாற்றும்போது, அதன் மாலுமி ஃபெலிக்ஸ் அர்ட்டூசோவைக் காவலில் இருந்த பிரிட்டிஷ் வீரர் சுட்டுவிட்டார். கப்பலை மூழ்கடிக்கப் பார்க்கிறார் என்று தவறாக நினைத்துச் சுட்டது. கிரிட்விக்கன் கல்லறையில்தான் அவரை அடக்கம் செய்தார்கள். நானும் கடற்படைக்காரன், கடலில் எதிரியும் மாலுமிதான். ஹம்ஃப்ரி மாடல் வைத்திருப்பவருக்கு அந்தப் பெயரும் தெரிந்திருக்கணும்.

பனிமலையில் இறங்கிய குழுவின் தலைவர் கேப்டன் ஜான் ஹாமில்டனும் ஊர் திரும்பவில்லை. ஜூன் மாதம் மேற்கு ஃபாக்லாந்தில் உயிரிழந்தார். ஹம்ஃப்ரி காப்பாற்றிக் கொடுத்தது ஏழு வாரம்.

புதுவை_ரவி எழுதியது:

நன்றி ஐயா. ஏழு வாரம் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வல்வை_மைந்தன் எழுதியது:

நான் இங்கிலாந்தின் சோமர்செட் பக்கம் இருக்கிறன். யோவில்டனில் கடற்படை விமானப் பிரிவின் அருங்காட்சியகம் வீட்டிலிருந்து கிட்ட. ஹம்ஃப்ரியை நேரில் பார்த்திருக்கிறன், அதனால் ரெண்டு வரி.

படத்தில் பார்க்கிறதைவிட அது உயரம். விமானிகள் ரெண்டு பேரும் இருக்கிற இடம் எங்கட தலைக்கும் மேல. என்ஜின் மூக்குக்குள்ள சாய்வாக இருக்கு, அதிலிருந்து வாற தண்டு மேலே சுழலிக்குப் போகுது, என்ஜினுக்கு மேல விமானி. ஆட்கள் ஏறுற அறை கீழே. பக்கத்துக் கதவால எட்டிப் பார்த்தால், இதுக்குள்ள எப்படி அத்தனை பேர் என்று மனுசன் திகைச்சுப் போவான். மே மாதத்துக் காயத்தின்ர தடங்களையும் உடம்பில் பார்க்கலாம்.

ஆன்ட்ரிம் கப்பலில் ஹெலிகாப்டரை நிறுத்தும் கொட்டகையும் நெருக்கடியானதுதான். பக்கவாட்டுக் கதவால வெளியே எடுத்து, ஓரமாகத் தள்ளிக்கொண்டு தளத்துக்குக் கொண்டு வர வேணும். ஆடுற கப்பலில், தென் அத்திலாந்திக் குளிரில் இதைத் தள்ளின ஆட்களையும் நினைச்சுப் பாருங்கோ. கதையில் விமானிகளின் பெயர்தான் வரும்.

சிறகுப்பெட்டி எழுதியது:

வல்வை அண்ணா, நீங்கள் கதவைப் பற்றிச் சொன்னதும் ஒரு வேலை செய்து பார்த்தேன்.

வெசெக்ஸின் ஆள் ஏறும் அறை ஏறத்தாழ 4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். 1:72-இல் ஐந்தரை சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர். ஒரு அட்டையில் அந்த அளவுக்கு வெட்டினேன். தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். நீளம் கிட்டத்தட்ட ஒன்று, அகலம் தீப்பெட்டியைவிடக் குறைவு. அப்புறம் என்னிடம் இருந்த 1:72 பிளாஸ்டிக் சிப்பாய்களை எடுத்தேன். ஒவ்வொன்றும் 2.4 சென்டிமீட்டர் உயரம். அட்டைமேல் நிற்கவைத்தேன். எட்டு பேர் வரை வசதி. பத்தாவது ஆளை வைக்கும்போது ஒருவன் அட்டையை விட்டு விழுந்தான். பனிரெண்டு பேரை நிறுத்த, தோளோடு தோள் ஒட்டி, துப்பாக்கியெல்லாம் ஒருவர் முகத்துக்கு எதிரே இன்னொருவர் நீட்டுகிற மாதிரி ஆனது. என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இவங்க மூட்டை எங்கே வைப்பாங்க?" என்று கேட்டாள்.

பழைய_மாலுமி எழுதியது:

குழந்தை சரியான கேள்வி கேட்டிருக்கிறாள். மூட்டைகளை மலையிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தார்கள் என்று சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: நீர்மூழ்கி தேடும் அந்த வகை ஹெலிகாப்டரில் அறையின் பெரும் பகுதியைச் சோனார் கருவி அடைத்துக்கொள்ளும். ஆட்களை ஏற்றுவதற்காக ஹம்ஃப்ரியின் சோனாரைக் கழற்றி வைத்துவிட்டார்கள். சான்டா ஃபேயைப் பிடித்தது ரேடார்தான், சோனார் இல்லை.

கண்ணாடி_அலமாரி எழுதியது:

நானும் இந்த இழையை முழுசாகப் படித்தேன். விலைக் கணக்கில் நான் சொன்னது இன்னும் சரிதான், அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இந்த மாடலை விற்கும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. அப்படியானால் என் யோசனை உங்களுக்குப் பொருந்தாது. பிரியுங்கள்.

பிரிப்பதற்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு. டைகாஸ்ட் என்பது துத்தநாகக் கலவை. வார்ப்பின்போது ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் உள்ளுக்குள்ளேயே அரித்து, பெயின்ட் கொப்புளித்து, மெல்லிய விரிசல் விடும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் வேகம் அதிகம். சென்னையில் இரண்டும் வருடம் பூராவும் இருக்கிறது. மூடிய பெட்டிக்குள் இருந்தால் கண்ணில் படாது. திறந்ததும் லென்ஸ் வைத்து வால் இணையும் இடத்தையும் சக்கரக் கால்களையும் பாருங்கள். விரிசல் இருந்தால் ஒட்டுவதில் அர்த்தமில்லை, உலோகமே நொறுங்கும். வெறும் பயண அடி என்றால் முறிவு சுத்தமாக, பளபளப்பாக இருக்கும்.

ஒட்டுவதற்கு உடனே பிடிக்கும் பசை வேண்டாம், ஆவி பட்டு ஜன்னல் கண்ணாடி வெளுத்துவிடும். இரண்டு குழாயைக் கலக்கும் எபாக்ஸி பசை, குண்டூசி முனையளவு போதும். இறக்கைகள் பிளாஸ்டிக், வெயில் படும் அலமாரியில் வைத்தால் இரண்டு கோடையில் தொங்கிவிடும். ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் ஒன்றைப் பின்னால் போட்டு, மாதம் ஒரு முறை காயவையுங்கள். வெளிப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்கு மட்டும் மன்னிப்பே கிடையாது!

சிறகுப்பெட்டி எழுதியது:

நேற்று ராத்திரி பிரித்துவிட்டேன். டேப்பை பிளேடால் கீறும்போது கை நடுங்கியது உண்மை.

முறிவு சுத்தமாகத்தான் இருந்தது, வெள்ளியாக மின்னியது. விரிசல் எங்கேயும் இல்லை. எபாக்ஸி வைத்து, வால் நேராக நிற்க மூன்று சீட்டுக்கட்டு அட்டையை அடியில் முட்டுக்கொடுத்து, காலை வரை விட்டேன். பிடித்துவிட்டது. இறக்கைகளை மாட்டும்போது நித்யா அக்கா சொன்னது புரிந்தது. அதுவரை கையில் ஒரு பொம்மை இருந்தது. நாலாவது இறக்கை 'டக்'கென்று உட்கார்ந்ததும் அது நின்ற விதமே மாறிவிட்டது. மூக்கைத் தூக்கி, வாலைத் தாழ்த்தி, கிளம்பத் தயாராக நிற்கிற மாதிரி.

கரி நித்யா அக்கா கைவண்ணத்துக்குக் காத்திருக்கிறது. ஒட்டு போடவில்லை.

கீழே வைக்கும் பெயரட்டைக்கு இதை எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்:

"வெசெக்ஸ் எச்.ஏ.எஸ்.3, எக்ஸ்.பி.142, 'ஹம்ஃப்ரி'. எச்.எம்.எஸ். ஆன்ட்ரிம். 22 ஏப்ரல் 1982, மாலை."

பழைய_மாலுமி எழுதியது:

பிழை இல்லை தம்பி. 'மாலை' என்று போட்டீர்களே, அது நல்லது. அந்த நாளின் காலையில் மூன்று ஹெலிகாப்டர் இருந்தன.

ஸ்டான்லிக்கு இதற்காக டி.எஸ்.ஓ. என்ற வீரப் பதக்கம் கொடுத்தார்கள். கப்பலை 1984-இல் சிலி நாட்டுக்கு விற்றுவிட்டார்கள். ஹம்ஃப்ரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

சிறகுப்பெட்டி எழுதியது:

அட்டையின் பின்பக்கத்தில் இன்னும் மூன்று வரி சேர்த்துவிட்டேன், ரவி அண்ணனுக்காக. சான்டா ஃபே. ஃபெலிக்ஸ் அர்ட்டூசோ. ஜான் ஹாமில்டன். என் பெண்தான் எழுதினாள், 'ஃபெ'யில் கொம்பு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மாற்றப் போவதில்லை. படம் நாளை ஏற்றுகிறேன்.